பூஜ்யம் புள்ளி ஒன்பது

புனே,
10-2-2002

அன்புள்ள பூங்கொடிக்கு,

ஹரிஹரன் எழுதுவது. நான் இங்கே சுகம். நீயும் அம்மாவும் நைனாவும் அங்கே மதுராந்தகத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலிக்கு நான் சொன்ன தைலம் கிடைத்ததா?

ஆபீசில் வேலை கழுத்துவரை இருக்கிறது. மருந்துக் கம்பெனிகள் நோயாளிகளிடம் எடுத்த அளவுகளை எங்களுக்கு அனுப்புவார்கள், நாங்கள் அவற்றைக் கம்ப்யூட்டரில் அலசி வரைபடமாக்கித் தருவோம் என்று முன்பே எழுதியிருக்கிறேன். இப்போது அந்தப் பிரிவே என்னை நம்பித்தான் ஓடுகிறது.

உன்னை அழைத்து வர வீடு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்றில் தண்ணீர் வசதி இல்லை. இன்னொன்று மூன்றாவது மாடி. எப்படியும் சித்திரைக்குள் கூட்டி வந்துவிடுவேன், பொறுத்துக்கொள்.

ஒரு பக்கம் அச்சான ஆபீஸ் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நல்ல தாள், குப்பைக்குப் போகிறது. தப்பாக நினைக்காதே.

இப்படிக்கு,
ஹரிஹரன்


மதுராந்தகம்,
18-2-2002

அன்புள்ள மாமாவுக்கு,

பூங்கொடி எழுதும் கடிதம். இங்கே எல்லோரும் சுகம். தைலம் வாங்கியாகிவிட்டது. வலி முழங்காலிலிருந்து இடுப்புக்குப் போயிருப்பதாக அத்தை சொல்கிறார்.

இதை போனில் கேட்க முடியாது. போன் கூடத்தில் இருக்கிறது, நீங்கள் கூப்பிட்டால் அத்தையும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். அதனால் எழுதிக் கேட்கிறேன்.

தாளின் முன்பக்கத்தைப் பார்த்தேன். முதலில் பார்த்தது அத்தைதான். "இன்னாடி இது, புள்ள போட்ட லெட்டருக்குப் பின்னாடி கோலப் புள்ளி வச்சா மாதிரி கீது" என்று என்னிடம் நீட்டினார். நல்லவேளை, அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. கறுப்புப் புள்ளிக்கு ஹரி என்றும் வெள்ளைப் புள்ளிக்கு ஸ்வாதி என்றும் போட்டிருக்கிறது. கீழே ஒன்றிலிருந்து முப்பது வரை நாள். ஹரி ஏறினால் ஸ்வாதி ஏறுகிறாள். ஹரி இறங்கினால் அவளும் இறங்குகிறாள். பதினேழாம் நாள் இரண்டு பேரும் உச்சியில் இருக்கிறீர்கள். அன்றைக்கு எங்கே போனீர்கள்?

ஸ்வாதி யார்? ஒன்றரை வருஷமாக நீங்கள் எழுதிய எந்தக் கடிதத்திலும் அந்தப் பெயர் இல்லை. மூன்றாவது மாடி என்றால் என்ன, எனக்குக் கால் இல்லையா?

வயிறு எரிகிறது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எரிகிறது.

உங்கள்,
பூங்கொடி


புனே,
3-3-2002

அன்புள்ள பூங்கொடிக்கு,

நலம். உன் கடிதம் கண்டு சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

அது நிஜக் கணக்கே இல்லை. நோயாளிகளின் அளவுகள் வந்து சேருவதற்கு முன்னால், எங்கள் ப்ரோக்ராம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, கம்ப்யூட்டரையே எண்களை உருவாக்கித் தரச் சொல்வோம். தாயம் உருட்டுவது போலத்தான், ஆனால் ஆயிரம் தடவை ஒரே நொடியில் உருட்டும். வரைபடத்தில் போட இரண்டு பெயர் தேவைப்பட்டது. ஒன்று என் பெயர். இன்னொன்று பக்கத்து சீட்டுப் பெண்ணின் பெயர். எனக்கு ஜூனியர். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவள், அப்பா அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. நம் பக்கத்து ஆள் என்பதால் பேசுவதுண்டு. அவ்வளவுதான்.

சேர்ந்து ஏறி இறங்குவதற்குக் காரணம், முழுத் தொடர்பு ஒன்று என்றால் 0.9 அளவுக்குத் தொடர்பு இருக்கட்டும் என்று நாங்களே கட்டளை கொடுத்திருப்பதுதான். நீயும் பி.எஸ்ஸி. புள்ளியியல் படித்தவள், இதை நான் விளக்க வேண்டுமா?

நம்பிக்கை இல்லாவிட்டால் நீயே போட்டுப் பார். மென்பொருள் இலவசம், பெயர் ஆர். இத்துடன் சிடி அனுப்பியிருக்கிறேன், கட்டளைகள் தனித் தாளில் இருக்கின்றன. ஆரம்ப எண் 27 என்று கொடு. எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் அதே எண்கள் அதே வரிசையில் வரும்.

வீடு பார்க்கிறேன்.

ஹரிஹரன்


மதுராந்தகம்,
16-3-2002

அன்புள்ள மாமாவுக்கு,

பூங்கொடியின் வணக்கம். இங்கே அனைவரும் சுகம். உங்கள் நைனா நெல் மண்டி விஷயமாகத் திண்டிவனம் போயிருக்கிறார். உங்களுக்கு அங்கே சாப்பாடு சரியாக இருக்கிறதா?

நம்பிக்கை இல்லாததால் போட்டுப் பார்த்தேன்.

செங்கல்பட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாலமோன் என்பவர் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். டெய்லரிங் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு ரயிலேறினேன். சிடியை நீட்டியதும் சாலமோன் சார், "இன்னாம்மா இது, ஒரே ஒரு எழுத்து. மீதிப் பேரை வூட்டுல வச்சிட்டு வந்துட்டியா" என்றார். ஏற்றுவதற்கே அரை நாள் ஆனது. கட்டளையை ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போய் நான்கு தடவை திட்டு வாங்கினேன், கம்ப்யூட்டரிடம்தான்.

ஐந்தாவது தடவை படம் வந்தது. உங்கள் தாளைத் திரையோடு ஒட்டிவைத்துப் புள்ளி புள்ளியாகப் பார்த்தேன். பதினேழாம் நாள் உட்பட அப்படியே இருந்தது. சாலமோன் சார் முன்னால் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சை முடிவும் இவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

சிரித்து முடித்ததும் வேறு யோசனை வந்தது. தொடர்பு 0.9 எதற்கு? 0.2 போதாதா? நமக்குள் எவ்வளவு என்று கணக்குப் போடலாமென்றால், இந்த ஒன்றரை வருஷத்தில் நீங்களும் நானும் முப்பது நாள் சேர்ந்தாற்போல் ஒரே ஊரில் இருந்ததில்லை. எண்ணே இல்லாமல் எதைப் போடுவது?

அதற்குப் பிறகு இரண்டு தடவை போனேன். ஐந்து எண் கேட்டால் கண்டபடி இறைந்து கிடக்கிறது. நூறு கேட்டால் ஏதோ மேடு போல் தெரிகிறது. பத்தாயிரம் கேட்டேன், கல்லூரியில் கரும்பலகையில் மட்டுமே பார்த்த அந்த மணி வடிவம் நிஜமாகவே எழும்பி வந்தது. எம்.எஸ்ஸி.க்கு அனுப்ப மாட்டேன் என்ற அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவரோடு சரியாக முகம் கொடுத்துப் பேசி ஐந்து வருஷம் ஆகிறது.

ஒரு சந்தேகம். ஸ்வாதியின் எண்ணுக்கு, ஹரியின் எண்ணை 0.9 ஆல் பெருக்கி, புதிதாக உருட்டிய எண்ணை 0.44 ஆல் பெருக்கிக் கூட்டச் சொல்கிறீர்கள். ஏன் 0.44? 0.1 தானே மீதி?

உங்கள்,
பூங்கொடி


புனே,
9-4-2002

அன்புள்ள பூங்கொடிக்கு,

நலம், நலமறிய ஆவல். வேலை மிகுதியால் உடனே எழுத முடியவில்லை.

0.44 பற்றிக் கேட்டிருந்தாய். இரண்டு பேருடைய ஏற்ற இறக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும், அதுதான் விஷயம். கூட்டும்போது பெருக்கிகளின் வர்க்கம்தான் கணக்குக்கு வரும். 0.9-இன் வர்க்கம் 0.81. ஒன்றுக்கு மீதி 0.19. அதன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 0.44. ரொம்ப ஈஸி. நீங்க கேட்டது சூப்பர் கேள்வி, யாரும் இதைக் கேக்க மாட்டாங்க, அப்படியே காப்பி பண்ணிட்டுப் போயிடுவாங்க. புரிஞ்சுதா அக்கா? புரியலன்னா படம் போட்டு அனுப்பறேன்.

சித்திரைக்குள் வீடு அமையும் என்று தோன்றவில்லை. ஆடி கழியட்டும். டெய்லரிங் என்று அம்மாவிடம் பொய் சொல்வது நன்றாக இல்லை.

ஹரிஹரன்


மதுராந்தகம்,
16-4-2002

அன்புள்ள தம்பி ஹரிஹரனுக்கு,

அக்கா எழுதுவது. அக்கா சுகம். தம்பி சுகமா?

நீங்கள் எழுதியதை நீங்களே படிக்கவில்லை என்று தெரிகிறது. அவள் எழுதிக் கொடுத்ததை வரி விடாமல் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கும் எனக்கும் நடுவில் இருக்கும் கடிதத்தை அவள் மேஜையில் வைத்திருக்கிறீர்கள். 0.44 பற்றிய வரியை மட்டுமா படித்திருப்பாள்? முப்பது நாள் ஒரே ஊரில் இருந்ததில்லை என்று எழுதினேனே, அதையும் படித்திருப்பாள். என்னைப் பார்த்து அவள் பாவப்பட்டிருந்தால் அதை என்னால் தாங்க முடியாது.

ஒரு பெண்ணோடு சினிமாவுக்குப் போயிருந்தால்கூட ஒரு நாள் அழுதுவிட்டு விட்டுவிடுவேன். இதை எப்படி விடுவது?

வீடு ஏன் கிடைக்கவில்லை என்று இப்போது புரிகிறது. பார்க்க வேண்டாம்.

பூங்கொடி


கல்பாக்கம்,
6-5-2002

அன்புள்ள பூங்கொடி அக்காவுக்கு,

வணக்கம். நான் ஸ்வாதி. நலமாக இருக்கிறீர்களா? முன்பின் பார்க்காதவள் எழுதுவதற்கு மன்னியுங்கள். ஹரி சார் இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். எதனால் என்று என்னால் ஊகிக்க முடிகிறது.

உங்கள் கடிதத்தை நான் முழுவதும் படிக்கவில்லை. அந்தக் கேள்வி இருந்த பகுதியை மட்டும் மடித்துக் காட்டினார். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

லீவில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். எனக்கு வரன் எதுவும் அமையவில்லை என்று அம்மா திருவிடந்தைக்குப் போய்ச் சுற்றி வரச் சொல்கிறார். வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கோயிலில் இருப்பேன். நீங்களும் வந்தால் நேரில் பேசலாம். வராவிட்டாலும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
ஸ்வாதி


மதுராந்தகம்,
14-5-2002

மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நான் திருவிடந்தைக்குப் போய் வந்தேன்.

இருக்கிற புடவையில் நல்லதைக் கட்டிக்கொண்டு போனேன். எதற்கு என்று கேட்காதீர்கள். அவள் சாதாரணச் சுடிதாரில், எண்ணெய் வைத்துப் பின்னிய தலையோடு நின்றாள். கண்ணாடி வேறு. அழகாக இல்லையே என்று ஒரு நிமிஷம் நிம்மதி. பேச ஆரம்பித்ததும் அந்த நிம்மதி போய்விட்டது, அவ்வளவு கெட்டிக்காரி.

அர்ச்சனை செய்து மாலையைக் கழுத்தில் போட்டுவிட்டார்கள். கல்யாணம் ஆகாதவர்கள் அந்த மாலையோடு ஒன்பது சுற்று வர வேண்டும். அவள் கைப்பையை நான் வாங்கிக்கொண்டு கூடவே நடந்தேன். என் புருஷன் பெயரோடு ஒரே படத்தில் இருந்தவள் கல்யாணத்துக்காகச் சுற்றுகிறாள், நான் எத்தனையாவது சுற்று என்று எண்ணிக்கொண்டு போகிறேன். எனக்கே சிரிப்பு வந்தது.

நான்காவது சுற்றில் நானே கேட்டுவிட்டேன். "அந்தப் படத்துல எதுக்கு உங்க ரெண்டு பேர் பேரும்?"

"அது சாருக்கு நான் சொல்லித் தர்றதுக்காகப் போட்டதுக்கா. எக்ஸ், ஒய்னு போட்டா குழம்பிடறார். பேர் வச்சா ஞாபகம் இருக்கும்னு வச்சேன்."

"நீ எதுக்கு அவருக்குச் சொல்லித் தரணும்? நீ ஜூனியர்தானே?"

அவள் நின்றுவிட்டாள். உங்களுக்குத் தெரியாதா என்பது போல் பார்த்தாள். பிறகு நடந்துகொண்டே சொன்னாள். "சாருக்கு ப்ரோக்ராம் வரலக்கா. ஒரு வருஷமா அவரோடதையும் நான்தான் எழுதித் தர்றேன். போன வருஷம் எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப, என் ஷிஃப்டையெல்லாம் அவர்தான் பார்த்துக்கிட்டார். அதை மறக்க முடியாது. ஆனா மார்ச்ல மேனேஜருக்குத் தெரிஞ்சுபோச்சு. இப்ப அவரை ஃபைல் ரூமுக்கு மாத்திட்டாங்க."

உங்களை நம்பி ஓடுகிற பிரிவு.

ஏன் என்னிடம் சொல்லவில்லை, ஏன் இன்னும் புனேவுக்குக் கூட்டிப்போகவில்லை என்று கேட்டேன். "நானும் கேட்டேன்க்கா. 'அவ இங்க வந்தா ஒரே வாரத்துல கண்டுபுடிச்சிடுவா'ன்னார்" என்றாள். அதற்குப் பிறகு மீதிச் சுற்றை நான் எண்ணவில்லை. அவளும் எண்ணியதாகத் தெரியவில்லை. பத்தோ பதினொன்றோ சுற்றியிருப்போம்.

கிளம்பும்போது தரமணியில் ஒரு ஆபீஸ் விலாசம் கொடுத்தாள். சிறுசேரியில் கட்டடம் முடிந்ததும் அங்கே மாறப்போகிறார்களாம். ஆர் தெரிந்தவர்களைத் தேடுகிறார்களாம். ஜூன் மூன்றாம் தேதி தேர்வு. நான் எழுதப் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடுங்கள்.

பூங்கொடி


புனே,
20-6-2002

பூங்கொடிக்கு,

நலம். நீ தேர்வில் தேறிவிட்டாய், வேலையும் கிடைத்துவிட்டது என்று ஸ்வாதி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். புருஷனுக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. நைனாவுக்கு இது தெரியுமா? நெல் மண்டிக்காரர் வீட்டு மருமகள் தினமும் தரமணிக்கு வேலைக்குப் போவதை ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தாயா? நீ போகக் கூடாது. இதை முடிவாகவே சொல்கிறேன்.

22-6-2002

மேலே எழுதியதைக் கிழித்துப்போட நினைத்தேன். அப்புறம் அப்படியே அனுப்புவது என்று முடிவு செய்தேன். நான் எப்படிப்பட்டவன் என்பது அதில்தான் இருக்கிறது.

கல்லூரியில் நான் பெயிலான இரண்டு பேப்பரையும் 1997-இல் உன் வகுப்போடு சேர்ந்துதான் மறுபடி எழுதினேன். நீ எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாய். கூடுதல் தாள் கேட்டுக் கேட்டு வாங்கினாய். நான் கொடுத்த தாளையே நிரப்ப முடியாமல் உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு உன்மேல் ஆசையும் இருந்தது, எரிச்சலும் இருந்தது. எது அதிகம் என்று இன்றைக்கும் சொல்ல முடியாது.

உன்னை எம்.எஸ்ஸி.க்கு அனுப்ப உன் அப்பா, வரதன் மாமா, பணம் கட்டத் தயாராகத்தான் இருந்தார். நான்தான் போய், "மெட்ராஸ்ல ஹாஸ்டல்ல விட்டா பேஜாரு மாமா, அப்புறம் நான் கட்டிக்க மாட்டேன்" என்று சொன்னேன். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டேன். அவர் ஐந்து வருஷமாக உன் கோபத்தை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்கவில்லை.

நீ செங்கல்பட்டில் போய் அதே படத்தை வரவழைத்ததாக எழுதியபோது சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குத் தூக்கமே போய்விட்டது. நான் ஒரு வருஷம் முட்டியும் வராதது உனக்கு ஐந்து தடவையில் வந்துவிட்டது.

ஹரிஹரன்


மதுராந்தகம்,
12-7-2002

மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நான் சுகமா என்று தெரியவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே அப்பா வீட்டுக்குப் போனேன். களத்தில் இருந்தார். "நீங்கதான் தடுத்தீங்கன்னு இத்தினி வருஷம் நெனச்சிகினு இருந்தேனே, ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா அவன்கூட நீ எப்டிம்மா குடித்தனம் பண்ணுவே" என்றார். இரண்டு நாள் அங்கேயே இருந்துவிட்டு வந்தேன்.

வேலையில் சேர்ந்துவிட்டேன். உங்கள் நைனாவிடம் நானே சொன்னேன். ஊர் சொல்வதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, எத்தனை மணி ரயில் என்றுதான் கேட்டார். அத்தை காலை நாலரைக்கே எழுந்து எனக்குச் சாப்பாடு கட்டித் தருகிறார். முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டேதான் தருகிறார்.

உங்கள்மேல் இருக்கும் கோபத்துக்கு அளவு சொல்ல எந்த மென்பொருளும் இல்லை. ஒரு முழுப் படிப்பை எடுத்துக்கொண்டீர்கள். அதை மன்னிக்க இப்போது முடியாது. எப்போது முடியும் என்று சொல்லவும் முடியாது.

ஆனால் மாமா, இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்வாதியின் மேல் எனக்கு இருந்த பொறாமை இன்னும் போகவில்லை. அவள் நல்ல பெண், எனக்கு வேலையும் காட்டினாள், உங்களோடு ஒன்றுமில்லை, எல்லாம் தெரியும். ஆனாலும் போகவில்லை. ஏன் என்று ரயிலில் தினமும் யோசித்தேன். நேற்றுத்தான் பிடிபட்டது. தினம் காலையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடு என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டிய மூன்று வருஷத்தில் என்னிடம் ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்லை.

பூங்கொடி


புனே,
2-8-2002

அன்புள்ள பூங்கொடிக்கு,

நலம் என்று எழுத முடியவில்லை.

ஜூலை பதினைந்தோடு என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். இங்கே யாரிடமும் சொல்லவில்லை. ஸ்வாதி போன் செய்தாள், எடுக்கவில்லை. பதினெட்டு நாளாகக் காலையில் குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஊருக்கு வந்தால் நைனாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது, உன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

எனக்குத் தெரியவில்லை, பூங்கொடி. நீ சொல்.

ஹரிஹரன்